பட்டை வண்டுக்கு வைத்த பொறி

கான்ட்ராக்டர் பொன்னுரங்கம் வண்டுப் பொறியில் வந்து மாட்டிக்கொண்ட காலையில் பேரிமட்டத்தில் பனி இல்லை, மழை இல்லை, பைன் மரங்களுக்கு நடுவே வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது, பொறிகளைக் காலி செய்ய வாளியோடு மேலே ஏறிய செல்லக்கிளி அவரைப் பார்த்தபோது, பெரிய மனிதர் காலையிலேயே சரிவைப் பார்வையிட வந்துவிட்டார் போல என்றுதான் முதலில் நினைத்தாள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட செருப்பு. இரண்டு மரங்களுக்கு நடுவே கயிற்றில் தொங்கிய பொறியை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு, கன்னத்தை அதன்மேல் சாய்த்து, கண்ணை மூடி, தூளியில் தூங்கும் பிள்ளையைப் போல மெதுவாக ஆடிக்கொண்டிருந்தார்.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, குவளையக் கழட்டணும்," என்றாள் செல்லக்கிளி.

"ஏலலையேம்மா," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "நானும் விடிஞ்சதுலேர்ந்து பாக்குறேன். கால் நகர மாட்டேங்குது. என்னா வாசனை, என்னா வாசனை."

செல்லக்கிளி குனிந்து, அவருடைய முழங்கால்களுக்கு நடுவே கையை விட்டு, பொறியின் அடிக்குவளையைத் திருகிக் கழற்றினாள். அதற்குள் கிடந்த வண்டுகள் கைப்பிடி அளவுகூட இல்லை. அவற்றை வாளியில் கொட்டி, குவளையை மாட்டி, அடுத்த பொறிக்குப் போனாள். வேலை முடிந்து கீழே வந்து மேரி ஸ்டெல்லாவின் டீக்கடையில் வாளியை வைத்தபோதுதான், "பொன்னுரங்கம் மேல பொறியில மாட்டியிருக்காரு," என்று சொன்னாள்.

"எந்தப் பொறியில?" என்று கேட்டாள் மேரி ஸ்டெல்லா, டீயை ஆற்றிக்கொண்டே.

"பாக்கியம் வீடு இருந்த எடத்துக்கு நேர் மேல இருக்குறதுல."

"அப்ப சரி," என்றாள் மேரி ஸ்டெல்லா.

அந்தப் பொறியில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றும் புனல் போன்ற கறுப்புப் புனல்களை ஒன்றின்கீழ் ஒன்றாகக் கோத்து, அடியில் ஒரு குவளையைத் திருகி, நடுவில் தீப்பெட்டி அளவு வாசனைப் பை ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார்கள், அவ்வளவுதான். தூரத்திலிருந்து பார்க்கிற வண்டுக்கு அது ஒல்லியான மரத்தண்டு போலத் தெரியும். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த டாக்டர் அமலோற்பவம்தான் அதைக் கொண்டுவந்தவர். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய, குள்ளமான, சத்தமாகப் பேசுகிற பெண்மணி. முதல் பொறியைக் கட்டிய அன்று செல்லக்கிளியிடம் அந்தப் பையைக் காட்டிச் சொன்னார்: "ஒரு வண்டு மரத்தத் தொளச்சு உள்ள போனதும் இந்த வாசனைய விடும். இங்க சாப்பாடு இருக்கு, மரத்துக்கு எதுத்து நிக்கத் தெம்பில்ல, எல்லாரும் வாங்கன்னு அர்த்தம். காடு முழுக்க இருக்குற வண்டு அதக் கேட்டு வந்துரும். நாம அந்த வார்த்தைய அப்படியே திருடிப் பையில அடச்சிருக்கோம்."

பேரிமட்டத்துக்குக் கீழே சிலோன் காலனி. கடலுக்கு அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து, இரண்டு அரசாங்கங்கள் தங்களுக்குள் பேசி முடித்துக் கப்பலேற்றி அனுப்பி, இந்த மலையில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்த முதல் வேலை, மொட்டையாகக் கிடந்த சரிவில் பைன் கன்று நடுவது. செல்லக்கிளியின் அப்பாவும் அம்மாவும் நட்டார்கள், பாக்கியத்தின் அப்பாவும் அம்மாவும் நட்டார்கள், நட்ட சரிவுக்குக் கீழேயே அவர்களுக்கு வீடும் கட்டித் தரப்பட்டது. பைனுக்கும் இது சொந்த மண் இல்லை, நமக்கும் இல்லை, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான் என்று காலனியில் சொல்லிச் சிரிப்பார்கள். உண்மையாகவே மரங்கள் மண்ணைப் பிடித்துக்கொண்டன, மண் வீடுகளைப் பிடித்துக்கொண்டது, ஐப்பசி மழை எத்தனையோ வந்து போனது.

பிறகு பட்டை வண்டு வந்தது. அரிசியைவிடச் சின்ன வண்டு. பட்டைக்குள் புகுந்து, உள்ளே கோடு கோடாகத் தின்று, முட்டையிட்டுப் பெருகும். வெளியே பிசினும் மரத்தூளும் வழியும், ஊசியிலைகள் செங்கல் நிறத்துக்குக் காய்ந்து, நின்ற நிலையிலேயே மரம் செத்துப்போகும். நோய்ப்பட்ட மரத்தை வெட்டி அப்புறப்படுத்தும் உரிமையைப் பொன்னுரங்கம் எடுத்தார். வனத்துறை ரேஞ்சர் கருணாமூர்த்தி வெட்டும் மரங்களுக்கு அடையாளம் போட்டுக் கொடுத்தார், சமவெளியில் ரம்பப் பட்டறை வைத்திருந்த அங்கமுத்து வாங்கிக்கொண்டார். நோய்ப்பட்ட மரம் ஒன்றை வெட்டினால் பக்கத்தில் நோயில்லாத மரங்களும் சேர்ந்து விழுந்தன. வெட்டியதில் நல்லதை லாரி ஏற்றிக்கொண்டு போனார்கள், மீதியைப் பட்டையோடு அப்படியே சரிவில் விட்டுவிட்டுப் போனார்கள். பட்டையோடு கிடக்கிற மரத்தைவிட வண்டுக்கு நல்ல பிரசவ வீடு கிடையாது. ஒரு கோடையில் அங்கே பிறந்தவை அடுத்த கோடையில் நின்ற மரங்களுக்குப் பறந்தன, நின்ற மரங்கள் நோய்ப்பட்டன, நோய்ப்பட்டதால் வெட்ட உரிமை கிடைத்தது, வெட்டியது பட்டையோடு கிடந்தது.

"வெட்டின அன்னைக்கே பட்டைய உரிங்க, இல்லன்னா மலைய விட்டு எடுத்துட்டுப் போங்க," என்று டாக்டர் ஒவ்வொரு கூட்டத்திலும் கத்தினார். கூட்டத்தில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள், முந்திரிப் பக்கோடா சாப்பிட்டார்கள், டாக்டரம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு என்று பேசிக்கொண்டார்கள்.

போன ஐப்பசியில், மரம் இல்லாமல் போன மேற்குச் சரிவு ஒரு மத்தியானம் இறங்கியது. எல்லோரும் சத்தம் கேட்டு ஓடினார்கள். அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போன பாக்கியம் மட்டும் வரவில்லை. பாக்கியம் செல்லக்கிளியின் தம்பி இராசலிங்கத்தின் மனைவி. அதற்கும் முன்னால் செல்லக்கிளியோடு ஒரே பெஞ்சில் படித்தவள், ஒரே தோட்டத்தில் கொழுந்து பறித்தவள், தம்பிக்கு அவளைக் கேட்டுக் கட்டிவைத்ததே செல்லக்கிளிதான். மண்ணைத் தோண்டி அவளை எடுத்தபோது அவள் கையில் சட்டி இறக்கும் பிடிதுணி இருந்தது. அன்றிலிருந்து செல்லக்கிளி அழவில்லை. கோபமாக இருந்தாள். கோபத்தோடு எழுந்து, கோபத்தோடு சோறாக்கி, கோபத்தோடு காலனித் தெருவைக் கூட்டினாள். திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து விடுமுறைக்கு வந்த கணவன் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "உன்கிட்ட நின்னா அனலடிக்குதுடி," என்று சொல்லிவிட்டு முன்கூட்டியே பஸ் ஏறினான். பொறி பார்க்க ஆள் வேண்டும் என்று டாக்டர் கேட்டபோது, முதல் ஆளாகப் போய் நின்றவள் அவள்தான்.

பொன்னுரங்கத்தின் மனைவி சுலோசனா மத்தியானம் காரில் வந்தார். டிரைவரும் வேலைக்காரர்களுமாகச் சேர்ந்து பொன்னுரங்கத்தைப் பொறியிலிருந்து பிய்த்து எடுத்தார்கள். அவர் கத்தவில்லை, தாயைப் பிரிந்த கன்றுபோல முனகினார். காரில் ஏற்றிக் கதவைச் சாத்தி ஊர் எல்லை தாண்டுவதற்குள் கதவைத் திறந்துகொண்டு குதித்து, தேயிலைப் பாத்திகளுக்கு நடுவே வேட்டி கிழிய ஓடிவந்து, மறுபடி பொறியைக் கட்டிக்கொண்டார். அதைப் பார்த்த சுலோசனா டிரைவரைக் கூப்பிட்டு, ஒரு மடக்கு நாற்காலியும் குடையும் வாங்கிவரச் சொன்னார். சுகர் மாத்திரையை வேளாவேளைக்குக் கொடுக்கும்படி மேரி ஸ்டெல்லாவிடம் ஒப்படைத்துவிட்டு, பெண்ணுக்குப் பரீட்சை இருக்கிறது என்று கிளம்பிப் போனார்.

மறுநாள் ரேஞ்சர் கருணாமூர்த்தி பொன்னுரங்கத்தை விடுவிக்க வந்தார். அதிகாரத்தோடுதான் மேலே ஏறினார், பாதி ஏற்றத்தில் மூக்கை உறிஞ்சினார், தொப்பியைக் கழற்றினார், பக்கத்திலிருந்த பொறியிடம் மெதுவாக நடந்துபோய் அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அங்கமுத்து யாரும் கூப்பிடாமலே சமவெளியிலிருந்து வந்தார். வழியில் காரில் பெட்ரோல் தீர்ந்துபோக, கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் நடந்தே ஏறி, வியர்த்து ஊற்ற வந்து சேர்ந்து, காலியாக இருக்கிற பொறி எது என்று செல்லக்கிளியிடமே கேட்டார். அவள் கையை நீட்டிக் காட்டினாள்.

டாக்டர் அமலோற்பவம் வந்து மூன்று பேரையும் சுற்றிப் பார்த்தார், கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், பையை முகர்ந்தார்.

"எனக்கு ஒரு வாசனையும் தெரியல. உனக்கு?"

"எனக்கும் தெரியல டாக்டரம்மா."

"நான் வண்டுக்குத்தான் கலந்தேன்," என்றார் டாக்டர். கொஞ்சம் யோசித்து, "ரெண்டுக்கும் வார்த்தை ஒண்ணுதான் போல," என்று சொல்லிவிட்டு, அங்கமுத்துவின் தோளில் ஊர்ந்த வண்டு ஒன்றைத் தட்டிவிட்டுப் போனார்.

அதன்பின் காலனி ஏறி வந்தது. முதல் நாள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். இரண்டாம் நாள் பக்கத்தில் போனார்கள். மூன்றாம் நாள், மண்ணில் வீட்டை இழந்து பள்ளிக்கூட வராந்தாவில் குடியிருந்த குருவம்மா, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு பொன்னுரங்கத்துக்கு முன்னால் போய் நின்று வாயைத் திறந்தாள். மத்தியானம் சாயும் வரை அவள் நிறுத்தவில்லை. அவர் வம்சத்தில் தொடங்கி, மரத்துக்கு மரம் நிறுத்தி, மண்ணில் புதைந்த தன் தையல் மிஷின், அண்டா, ரேடியோ, ஆட்டுக்குட்டி ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கேட்டவர்கள் காது கூச ஏசினாள். பொன்னுரங்கம் கண்ணை மூடி வாசனையை இழுத்துக்கொண்டிருந்தார். ஏசி முடித்த குருவம்மா அன்றிரவு, மண்சரிவுக்குப் பிறகு முதல் தடவையாக, இடையில் விழிக்காமல் தூங்கினாளாம். அவ்வளவுதான், அடுத்த நாளிலிருந்து எல்லோரும் ஏச வந்தார்கள்.

காலனிக்காரர்கள் ஏசினார்கள், பிறகு பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்து ஏசினார்கள், பிறகு மரத்தோடும் மண்ணோடும் சம்பந்தமே இல்லாதவர்கள், மருமகள்மேல் கோபமுள்ள மாமியார், மேஸ்திரிமேல் கோபமுள்ள கொத்தனார், வாழ்க்கைமேல் கோபமுள்ள வாத்தியார், எல்லோரும் பஸ் பிடித்து வந்து மூன்று பேருக்கு முன்னாலும் நின்று கத்திவிட்டு, முகம் தெளிந்து இறங்கிப் போனார்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் பஞ்சாயத்து மூங்கில் தடுப்புக் கட்டியது. மேரி ஸ்டெல்லா கடையை மேலே மாற்றி, டீயோடு மிளகாய் பஜ்ஜியும் போட்டாள். ஒரு சாமியார் வந்து இதற்குப் பரிகாரம் உண்டு என்றார், கூட்டம் அவரையும் ஏசியது. பொன்னுரங்கத்தின் கட்சிக்காரர்கள் வந்து, ஏசுகிறவர்கள் ஓய்ந்த நேரமாகப் பார்த்து அவருக்கு மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். சுற்றுலா வேன்கள் ஏரிக்குப் போகும் முன் இங்கே நின்று போயின. மடக்கு நாற்காலியும் குடையும் மூன்று பேருக்குமே வந்துவிட்டன. கருணாமூர்த்திக்குச் சளி பிடித்தபோது அவரை ஏசிக்கொண்டிருந்த ஒருத்தியே கசாயம் வைத்துக் கொடுத்தாள், குடித்து முடித்ததும் விட்ட இடத்திலிருந்து ஏசினாள்.

செல்லக்கிளி ஏசவில்லை. வாளியோடு ஏறினாள், இறங்கினாள். வைகாசி முடிவதற்குள் அவள் ஒன்றைக் கவனித்தாள், டாக்டரும் அதையே கவனித்திருந்தார்: குவளைகள் காலியாக இருந்தன. ஆள் கட்டிக்கொண்டிருக்கிற பொறிகளில் வண்டு விழ இடமில்லை, தள்ளி இருந்த பொறிகளின் கயிறுகளைக் கூட்டம் மிதித்து அறுத்திருந்தது, ஒரு பொறியின் புனலைக் கழற்றி மேரி ஸ்டெல்லா எண்ணெய் ஊற்றப் பயன்படுத்தினாள். வண்டுகள் எங்கேயும் போகவில்லை. பஜ்ஜிக் கடைக்குப் பின்னால், காலனிக்கு நேர் மேலே, இதுவரை பச்சையாக நின்ற கிழக்குச் சரிவின் மரங்களில் பிசின் வழியத் தொடங்கியிருந்தது. சில உச்சிகள் செங்கல் நிறமாகியிருந்தன.

செல்லக்கிளி தடுப்பின்மேல் ஏறி நின்றாள்.

"எல்லாரும் கீழ போங்க. பொறிய விடுங்க. மேல பாருங்க, கெழக்கால மரம் காயுது."

"காயட்டும் அக்கா, காய வச்சவனத்தான புடிச்சு வச்சிருக்கு," என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"இவனுகள ஏசினா மரம் பச்சையாகுமா?"

"நெஞ்சு ஆறுதுல்ல!" என்றாள் குருவம்மா. "எனக்கு இது ஒண்ணுதான் கெடச்சிருக்கு, செல்லக்கிளி. இதையும் புடுங்காத."

"நெஞ்சு எதுக்கு ஆறணும்?" என்றாள் செல்லக்கிளி. "ஆறிப்போயி என்னா பண்ணப் போற? ஐப்பசிக்கு என்னா பண்ணப் போற?"

மேரி ஸ்டெல்லா அடுத்த ஈடு பஜ்ஜியை எண்ணெயில் போட்டாள். சுற்றுலா வேன் ஒன்று ஹாரன் அடித்தது.

அடுத்த நாள் காலையில் இராசலிங்கம் வந்தான்.

செல்லக்கிளி அவனைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். தனக்குச் சாப்பாடு கொண்டுவருகிறான் என்று நினைத்தாள், ஆனால் அவன் கையில் ஒன்றும் இல்லை. அக்காவைத் தாண்டி நடந்தான், பஜ்ஜிக் கடையைத் தாண்டி நடந்தான், கடைசிப் பொறியின் பக்கம் போய், அதன் கறுப்புப் புனல்களை இரண்டு கைகளாலும் அணைத்து, முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஏசிக்கொண்டிருந்தவர்கள் அவன் பக்கம் திரும்பினார்கள். அவன் லாரி ஓட்டுபவன் என்பது எல்லோருக்கும் தெரியும். யாருடைய லாரி என்பதும் தெரியும், பொன்னுரங்கத்தின் மரம் ஏற்றுகிற லாரி. ஓட்டுகிறவன் என்ன செய்வான் என்று அதுவரை எல்லோரும் அவனை விட்டுவைத்திருந்தார்கள், முக்கியமாக அவன் பெண்டாட்டியைத் தோண்டி எடுத்த பிறகு.

செல்லக்கிளி வாளியைக் கீழே வைத்துவிட்டு அவனிடம் போனாள்.

"இது எதுக்குன்னு தெரியாமத்தான ஓட்டின? பட்டையோட விட்டுட்டுப் போறது எதுக்குன்னு உனக்குத் தெரியாதுதான?"

அவன் புனலுக்குள் பேசினான், அதனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "தெரியும்க்கா."

"தெரியாதுன்னு சொல்லுடா."

"தெரியும்க்கா. பட்டையோட போட்டாத்தான் அடுத்த வருசமும் வேல இருக்கும்னு எங்கிட்டத்தான் சொன்னாங்க. எந்த எடத்துல போட்டா நல்லா வண்டு புடிக்கும்னு நான்தான் எடம் காட்டினேன். எங்க வீட்டுக்கு மேல நெழல் நல்லா இருந்துச்சு."

அவள் அவனை அடித்தாள். முதுகில், தோளில், தலையில், கை ஓயும் வரை அடித்தாள், அவன் பொறியை விடவில்லை, அடி விழ விழ பொறி ஆடியது, அவனும் ஆடினான். யாரும் தடுக்கவில்லை. குருவம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏச வந்திருந்த வெளியூர்க்காரர் ஒருவர், தன் முறை எப்போது வரும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

அடித்து ஓய்ந்தபோது செல்லக்கிளியின் நெஞ்சு ஆறவில்லை. ஒரு துளிகூட ஆறவில்லை. ஆறாது என்று தெரிந்ததும் அவளுக்கு ஒரு தெளிவு வந்தது. தம்பியின் கக்கத்துக்குக் கீழே கையை விட்டு, புனல்களுக்கு நடுவே தொங்கிய வாசனைப் பையைப் பிடுங்கி எடுத்தாள். இராசலிங்கத்தின் தலை பையோடு சேர்ந்து திரும்பியது. அவள் ஓரடி நடந்தாள். அவன் பொறியை விட்டுவிட்டு ஓரடி நடந்தான்.

அவள் நேராகப் போய்க் கருணாமூர்த்தியின் பொறியிலிருந்து பையை எடுத்தாள், அங்கமுத்துவின் பொறியிலிருந்து எடுத்தாள், பொன்னுரங்கத்தின் விரல்களை விலக்கி அவருடைய பொறியிலிருந்து எடுத்தாள், எல்லாவற்றையும் சேலை முந்தியில் முடிந்துகொண்டு கிழக்குச் சரிவைப் பார்த்து நடந்தாள். நான்கு பேரும் அவள் பின்னால் வந்தார்கள். நாற்காலி சாய்ந்தது, குடை உருண்டது, தடுப்பு முறிந்தது. எதிரே வந்த டாக்டர் அமலோற்பவம் ஒதுங்கி வழிவிட்டார்.

"எங்க கூட்டிட்டுப் போற?"

"பட்டை உரிக்க, டாக்டரம்மா."

"புழு வெளிய தெரியிற மாதிரி உரிக்கணும். உரிச்சதை வெயில் படுற எடமாப் பாத்துப் பரப்பச் சொல்லு," என்றார் டாக்டர். "நான் அறுந்த பொறியக் கட்டிட்டு, புதுப் பை போட்டுட்டு வர்றேன். வண்டுக்கு வச்சது வண்டுக்கு."

கிழக்குச் சரிவின் ஓரம் முழுக்க, மேற்கே வெட்டியதில் மிச்சமான மரங்கள் பட்டையோடு கிடந்தன. செல்லக்கிளி முதல் மரத்தின்மேல் முந்தி முடிச்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான்கு பேரும் அந்த மரத்தை மொய்த்தார்கள். "உரிங்க," என்றாள். அவர்கள் உரித்தார்கள். கத்தி கேட்டார் அங்கமுத்து. அவள் கொடுக்கவில்லை. வண்டுக்குக் கத்தி இல்லை, உங்களுக்கும் இல்லை என்றாள். நகத்தால் பிறாண்டினார்கள், விரலை விட்டு நெம்பினார்கள், பட்டை பெயர்ந்த இடத்தில் வெள்ளைப் புழுக்கள் சோற்றுப் பருக்கையாகக் கொட்டின. ஒரு மரம் முடிந்ததும் அவள் எழுந்து அடுத்த மரத்தில் உட்கார்ந்தாள், அவர்கள் எழுந்து அடுத்த மரத்துக்கு வந்தார்கள். பொன்னுரங்கத்தின் வெள்ளை வேட்டி பிசினில் நனைந்து மரத்தோல் போலானது. கருணாமூர்த்தியின் நகங்கள் பெயர்ந்தன. மத்தியானம் அவளே அவர்களுக்குச் சோறு போட்டாள், தம்பிக்கும் போட்டாள், முகத்தைப் பார்க்காமல் போட்டாள். ஆனி முழுக்க உரித்தார்கள், ஆடிக் காற்றில் உரித்தார்கள், ஆவணியில் உரித்தார்கள். நான்கு மனிதர்கள் இரவில் தூங்குவது எப்படி, மழை தூறினால் எங்கே ஒதுங்குவது என்பதெல்லாம் தன்னால் பழக்கமாகிவிட்டது, பெண்கள் விறகுக்குப் போகிற வழியில் அவர்களைப் பார்த்து, "இன்னிக்கு எந்த மரம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

வேடிக்கை இல்லாமல் போனதில் காலனிக்குக் கொஞ்ச நாள் வருத்தம்தான். மேரி ஸ்டெல்லா கடையைக் கீழே இறக்கியபோது செல்லக்கிளியோடு பேசவில்லை. குருவம்மா ஏச ஆளில்லாமல் இரண்டு வாரம் தூக்கம் கெட்டு, பிறகு ஒரு காலையில் தேயிலைச் செடியைக் கழிக்கிற கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டு தானே மேலே வந்து, நான்கு பேரிடமிருந்து தள்ளி, ஒரு மரத்தில் உட்கார்ந்து பட்டை உரித்தாள். அடுத்த நாள் இன்னும் சிலர் வந்தார்கள். அவர்களிடமெல்லாம் கத்தி இருந்தது.

வாசனை என்றைக்காவது தீரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். புரட்டாசியில் அது தீர்ந்தது. முதலில் அங்கமுத்து, பாதி உரித்த பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து, இது என்ன இடம் என்று கேட்டார், பிறகு வந்த வழியே நடந்து இறங்கினார். கருணாமூர்த்தி அழுதார், மன்னிப்புக் கேட்பார்போல வாயைத் திறந்தார், தன் தொப்பி எங்கே என்று கேட்டார். பொன்னுரங்கம் தன் கைகளைப் பார்த்தார், பிறகு செல்லக்கிளியைப் பார்த்தார்.

"உன்ன உள்ள வைக்காம விடமாட்டேன்," என்றார்.

"வைங்க."

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"இந்த மலையிலேயே எனக்குத்தான் நல்லாத் தெரியும்," என்றாள் அவள்.

அவர் சொன்னபடி செய்தார். ஆளைக் கடத்தி அடிமை வேலை வாங்கியதாக வழக்குப் போட்டார், செல்லக்கிளி பல தடவை மலையிறங்கி மரப்பெஞ்சில் காத்திருந்து திரும்பினாள். எதன் மூலம் கடத்தினாள் என்று நீதிபதி கேட்டபோது, வாசனையால் என்று பொன்னுரங்கத்தின் வக்கீல் சொல்ல, கோர்ட்டில் சிரிப்பு அடங்க நேரமானது, வழக்கும் அங்கேயே விழுந்தது. பொன்னுரங்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கையில் கட்டோடு நடந்த பாராட்டு விழாவில், காட்டுக்காக விரல் நொந்தவர் என்று அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்த மலைத்தொடரில் வேறு பெயரில் மரம் வெட்டும் உரிமை எடுத்தார் என்று கேள்விப்பட்ட அன்று, டாக்டர் அமலோற்பவம் ஓய்வுபெற்ற பிறகும் வீட்டில் உட்காராமல், ஒரு சாக்கு நிறையப் பொறிகளோடு அந்த மலைக்கு பஸ் ஏறினார். கிழக்குச் சரிவில் கொஞ்சம் மரம் செத்தது, பெரும்பாலான மரம் பிழைத்தது, அந்த ஐப்பசியில் சரிவு இறங்கவில்லை.

ஆனால் இனி சொல்லப்போவது நடந்தது அதற்கெல்லாம் முன்னால், மூன்று பேரும் இறங்கிப் போன அதே நாளில். மேகம் கறுத்து மேலேறி வந்துகொண்டிருந்தது, காற்றில் ஈரம் இருந்தது, மற்றவர்கள் கத்திகளைச் செருகிக்கொண்டு வீடு திரும்பியிருந்தார்கள். செல்லக்கிளி முந்தி முடிச்சை அவிழ்த்துப் பைகளை எடுத்துப் பார்த்தாள், காய்ந்து சுருங்கியிருந்தன, அவற்றைத் தரையில் போட்டாள். இராசலிங்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் மரத்தின்மேல் குனிந்து, ரத்தம் கட்டிய விரல்களால் பட்டையைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

"வாசம் தீந்துபோச்சு," என்றாள் அவள். "நீ போகலாம்."

"தெரியும்க்கா. அவுங்களுக்கு முன்னாடியே எனக்குத் தீந்துபோச்சு."

"எப்ப?"

"ஆடியிலயே."

அவன் மன்னித்துவிடு என்று சொல்லவில்லை, பாக்கியத்தின் பெயரை எடுக்கவில்லை. தூறல் விழத் தொடங்கியது. உரிக்காத மரங்கள் இன்னும் சில கீழே கிடந்தன. செல்லக்கிளிக்கு அவன்மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது, குறையவில்லை, சாகிற வரைக்கும் குறையப் போவதில்லை என்றும் அவளுக்குத் தெரிந்தது. அவள் இடுப்பிலிருந்து கவ்வாத்துக் கத்தியை உருவி, பிடியை அவன் பக்கம் திருப்பி நீட்டினாள்.

"கையால உரிச்சா மழைக்கு முன்னாடி முடியாது," என்றாள்.

அவன் கத்தியை வாங்கிக்கொண்டான். அவள் மரத்தின் மறுமுனைக்குப் போய், அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, நகத்தைப் பட்டைக்குள் விட்டு நெம்பினாள்.